பாட்டுக்குப் பட்ட கடன்

பர்லியாரில் ஒரு குரலைச் சுத்தமாகப் பதிவு செய்வது லேசில்லை, கண்ணுகளா. கல்லாறு தாண்டி மேலே ஏறும் லாரி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். செக்போஸ்ட்டில் வண்டிகள் நின்று நின்று கிளம்பும். மங்குஸ்தான் சீசன் வந்துவிட்டால் ரோட்டோரப் பழக்கடைகளில் காலையிலிருந்து இருட்டும்வரை பேரம். இதெல்லாம் அடங்கினால் சில்வண்டு ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் ஓடை இரைச்சல் வேறு. குறும்பாடிப் பக்கமோ புதுக்காட்டுப் பக்கமோ உள்ளே நடந்து போய், வெயில் ஏறுவதற்குள் உட்கார்ந்தால் கொஞ்ச நேரம் அமைதி கிடைக்கும். ஆனால் பாடத் தெரிந்த பாட்டிக்கு அதே நேரத்தில்தான் அடுப்பு வேலை, ஆட்டு வேலை, தோட்டத்துக்குக் கிளம்பும் வேலை.

“டீச்சர், இருளர் பாட்டு, குறும்பர் பாட்டு எல்லாம் பதிவு பண்ணப்போறோம், எந்த மைக் வாங்கலாம்?” என்று கேட்டுக்கொண்டு வந்தீர்கள். உங்களைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்குச் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மைக் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது அரை நாளில் பிடிபடும் சங்கதி. முதலில் மனதில் வைக்க வேண்டியது வேறு: ஒரு ஊரின் பாட்டைப் பதிந்து எடுத்துக்கொண்டு வருகிறவர் அந்த ஊருக்குக் கடன்படுகிறார். அன்றைய கூலியைக் கையில் கொடுத்தால் தீர்ந்துவிடும் கடன் இல்லை இது. யார் யார் இந்தக் கடனை எப்படி அடைத்தார்கள், எத்தனை வருஷம் கழித்து அடைத்தார்கள் என்பதற்கு நம் நீலகிரியிலேயே பெரிய கதை இருக்கிறது.

1935இல் மர்ரே எமனோ என்ற கனடாக்காரர் இந்தியாவுக்கு வந்தார். சமஸ்கிருதம் படித்தவர். மூன்று வருஷம் இந்த நாட்டில் இருந்தார். அதில் பெரும்பகுதியை நம் மலையில் தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் கற்பதில் செலவழித்தார். இரண்டுக்கும் எழுத்து கிடையாது. ஆகவே சொல்பவர் சொல்லச் சொல்ல, ஒலியைக் காதால் பிடித்துக் கையால் எழுதினார். ஒரு சொல், அதன் பொருள், அது எந்தச் சடங்கில் வரும், யாரைக் குறிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கோத்தர் கதைகள் 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தன. தோடர் பாடல்களின் பெரிய தொகுப்பு 1971இல்தான் அச்சானது. மலையை விட்டுப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! இடையில் அவர் பேராசிரியராகி, பரோ என்ற மொழியறிஞருடன் சேர்ந்து திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியை 1961இல் கொண்டுவந்தார், உலகப் புகழ் பெற்றார். அப்போதும் அந்தத் தோடர் பாட்டுகளை அவர் கைவிடவில்லை. கேட்டு எழுதியதை ஒழுங்கான புத்தகமாக்கிக் கொடுத்தே தீருவது என்று இருந்தார். 2005இல், நூறு வயதைக் கடந்து இறந்தார்.

அவரைவிட நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுவது சுள்ளி என்ற கோத்தரைப் பற்றி. எமனோவின் கோத்தர் கதைகளில் பெரும்பாலானவை அவர் வாயிலிருந்து வந்தவை. 1937இல் வந்த டேவிட் மேண்டல்பாம் என்ற அமெரிக்க மானிடவியலாளருக்கும் அவர்தான் வழிகாட்டி. சுள்ளி பள்ளிக்கூட ஆசிரியர், இங்கிலீஷ் தெரிந்தவர். பழசு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்தவரும் இல்லை. ஆண்கள் நீளமாக வளர்த்து முடியும் தலைமுடியை வெட்டிக்கொண்டார். சில வழக்கங்களை விட வேண்டும் என்று சொந்த ஊரிலேயே வாதாடினார், அதற்காகச் சொந்த சனத்தின் கோபத்தையும் தாங்கினார். மேண்டல்பாம் பிற்காலத்தில் அவரைத் தன் மக்களைச் சீர்திருத்த வந்தவர் என்று சொல்லித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். அப்படிப்பட்டவர்தான் நாள்கணக்கில், மாதக்கணக்கில் உட்கார்ந்து, தன் பாட்டன்மார் சொன்ன கதைகளை ஒன்று விடாமல் சொன்னார். மாற வேண்டியதை மாற்றச் சொன்ன அதே மனிதர், மறக்கக் கூடாததை மறக்கவிடவில்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூர் காலேஜுக்குப் பஸ் ஏறும் உங்களுக்கு இந்த மனிதர் தெரிந்திருக்க வேண்டும். பழைய பாட்டை நேசிப்பதற்குப் பழைய ஆளாக இருக்க வேண்டிய அவசியமே கிடையாது.

வெளியிலிருந்து வந்த அறிஞருக்குப் பெயர் கிடைத்தது. உள்ளே இருந்து சொன்னவரை ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். நீங்கள் உள்ளே இருப்பவர்கள். உங்களில் ஒருத்தி இருளர் வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் எஸ்டேட் லயனில் பிறந்தவன். உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், மூணு வருஷ விசா வேண்டாம். பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். இந்த வசதி எமனோவுக்குக் கிடைக்கவில்லை.

இயந்திரங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எடிசன் 1877இல் போனோகிராஃபைக் கண்டுபிடித்தார். 1890இல் அமெரிக்காவில் ஃப்யூக்ஸ் என்பவர் அதைத் தூக்கிக்கொண்டு பூர்வகுடிகளிடம் போய்ப் பாட்டுப் பதிந்தார். மெழுகு உருளையில் இரண்டு மூன்று நிமிஷம்தான் அடங்கும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய கிராமபோன் தட்டிலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. இசை என்றால் மூன்று நிமிஷம் என்று உலகத்துக்குப் பழக்கியது அந்த மெழுகும் அரக்கும்தான். நம் மலைப் பாட்டு அப்படிக் கட்டப்பட்டதில்லை. தோடர் பாட்டில் ஒவ்வொரு கூற்றுக்கும் இணையாக இன்னொரு கூற்று வரும், ஜோடி ஜோடியாக நகரும். சாவுப் பாட்டு என்றால் இறந்துபோனவரின் எருமைகள், அவர் நடந்த வழி, அவர் ஊரான மந்து, அவர் கலந்துகொண்ட சடங்கு எல்லாம் அதில் வந்தாக வேண்டும். பாட்டுக் கட்டத் தெரியாத தோடரே இல்லை என்கிற அளவுக்கு அது எல்லாருக்கும் பொதுவான கலை என்று எமனோ எழுதினார். அதை யாராவது “சுருக்கமாகப் பாடுங்கள்” என்று கேட்டால், பாடுகிறவர் மரியாதைக்காகச் சுருக்கிக் கொடுப்பார். கிடைப்பது பாட்டாக இருக்காது.

இப்போது உங்களிடம் உள்ள போனில் நாள் முழுதும் பதியலாம். அப்படியிருந்தும் நீங்கள் முப்பது விநாடி ரீல்ஸுக்காக வெட்டுகிறீர்கள். வெட்டுங்கள், உங்கள் வயசு அது. ஆனால் முழுசும் ஓர் இடத்தில் இருக்கட்டும். பாட்டுக்கு முன்னால் பாட்டி இருமுவது, “இது எங்க அத்தை சொல்லிக்கொடுத்தது” என்று இழுப்பது, நடுவில் மறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்பது, அவள் “அப்படி இல்லே, இப்படி” என்று திருத்துவது எல்லாமே பாட்டோடு சேர்ந்தவை. அந்தத் திருத்தத்தில்தான் ஒரு பாட்டு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பதிவை நிறுத்தாதீர்கள்.

கேட்டுப் பதிய வேண்டும் என்பதை நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பதும் இருக்கிறது. கோத்தரின் ‘கொள்’ என்ற வாத்தியத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாகசுரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுவது. கூடவே கொம்பும் தோல் வாத்தியங்களும் சேரும். தெய்வத்துக்கான மெட்டு தனி, சாவுக்கான மெட்டு தனி, ஆட்டத்துக்கானது தனி. ரிச்சர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்கர், நம்மூர் வீணையைக் கற்றவர், 1990களின் தொடக்கத்தில் கோத்தர் ஊர்களில் தங்கி இதையெல்லாம் கேட்டுப் பதிந்து, 2005இல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். கறுப்புப் பசு நின்று காட்டிய இடங்களில் தங்கள் ஊர்களை அமைத்ததாகக் கோத்தர் சொல்லும் கதையிலிருந்துதான் அந்தப் புத்தகத்துக்குப் பெயர். எந்த மெட்டு எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதே அவர்கள் இசையின் உயிர் என்பதை அதில் பொறுமையாகக் காட்டுகிறார். சாவு மெட்டைச் சும்மா ஒரு மத்தியானத்தில் “எங்களுக்காக வாசிச்சுக் காட்டுங்க” என்று கேட்டால், அந்த வீட்டு வாசலில் சாவை அழைக்கச் சொல்வதாக ஆகும். நம் பக்கத்துக் குடியிருப்புகளிலும் இப்படித்தான். ஒரு பெரியவர் “அது இப்ப வேண்டாம்மா” என்றால், அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுநாள் போய் வேறு விதமாக அதையே கேட்காதீர்கள். வருகிற நாளில் வரட்டும். வராமலே போனாலும் அது அவர்களுடைய முடிவு.

சில பாட்டு போய்விட்டதற்குக் காரணம் யாரும் பதியாதது இல்லை. முன்பெல்லாம் படுகர் வீட்டுச் சாவுக்குக் கோத்தர் வந்து வாசிப்பார்கள். கோத்தர் இரும்புச் சாமானும் மண்பானையும் செய்து கொடுப்பார்கள், படுகர் தானியம் கொடுப்பார்கள், தோடர் நெய் கொடுப்பார்கள், குறும்பர் காட்டுப் பொருளும் மந்திரமும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குள்தான் இசையும் இருந்தது. இதில் ஏற்றத்தாழ்வும் இருந்தது, அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காசுப் பயிர், பள்ளிக்கூடம், சீர்திருத்தப் பேச்சு எல்லாம் வந்து அந்த உறவு அறுந்தது. அழைப்பு நின்றபோது அந்த வாசிப்புக்கான இடமும் நின்றது. கோத்தர் தங்கள் சொந்த ஊர்த் திருவிழாவுக்கும் சாவுக்கும் இன்னமும் வாசிக்கிறார்கள், அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது. ரிக்கார்டர் ஒலியை வைத்துக்கொள்ளும், அழைப்பை வைத்துக்கொள்ளாது. ஆகவே ஊரில் கல்யாணம், சீர், திருவிழா என்றால் கேமராவோடு ஓடாதீர்கள். முதலில் வட்டத்துக்குள் நின்று ஆடுங்கள். ஸ்பீக்கர் செட்டில் சினிமாப் பாட்டுப் போடுவதற்கு முன்னால் பெரியவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி ஊரில் கேளுங்கள். நூறு பதிவைவிட அந்த அரை மணி நேரம் பெரிசு.

இனி, கடனைத் திருப்புவது. 1938இல் ஆர்னல்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று அலைந்து பாட்டும் ஆட்டமும் பதிந்தார், படமும் எடுத்தார். அவை அவரோடு ஐரோப்பாவுக்குப் போய்விட்டன. லண்டனில் அவரிடம் படித்த நசீர் ஜைராஸ்பாய், தன் மனைவி ஏமி காட்லினுடன் 1984இல் அந்தப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்குப் போனார். நாற்பத்தாறு வருஷம் கழித்து! முன்பு பதிந்ததை அங்கே போட்டுக் காட்டி, அந்தக் கலையை இப்போது யார் ஆடுகிறார்கள், என்ன மாறியிருக்கிறது, எது நின்றுவிட்டது என்று கேட்டு எழுதினார். அதற்கு முன்பே, 1982இல், அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் சார்பில் ஓர் இசை ஆவணக் காப்பகம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. ஜைராஸ்பாய் அதற்குப் பாடுபட்டவர். வெளிநாட்டு அலமாரிகளில் முடங்கிக் கிடந்த நம்மவர் குரல்களின் பிரதிகளை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தக் காப்பகம் இப்போது குருகிராமில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தில்லிப் பக்கம் வந்தது பாதி தூரம். மீதி தூரம் நம் வீட்டுத் திண்ணைவரை. அந்தப் பாதி வேலை உங்களுடையது.

இது உலகம் முழுக்க உள்ள வேலைதான். மெக்சிகோவில் 1940களில் ஹென்றியெட்டா யுர்சென்கோ என்ற பெண் கனத்த ரிக்கார்டிங் மெஷினைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றிக்கொண்டு, ரோடில்லாத மலைகளுக்குள் போய்ப் பூர்வகுடிகளின் பாட்டைப் பதிந்தார். உங்களுக்குக் கழுதை வேண்டாம். குன்னூர் பஸ்ஸில் ஏறினால் போதும், சட்டைப் பையில் மெஷின்.

பாடியவர் பெயர் இல்லாத பதிவை நான் பாதிப் பதிவாகக்கூட ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘மலைவாழ் மக்கள் பாடல்’ என்று போட்டுவிட்டுப் போகிற வழக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. நஞ்சியம்மாவைப் பாருங்கள். அட்டப்பாடி இருளர் பெண். ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடியவர். 2020இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ மலையாளப் படத்தில் இயக்குநர் சச்சி அவரைப் பாட வைத்தார், அவர் பெயரோடு. 2022இல் அறிவித்த 68ஆவது தேசியத் திரைப்பட விருதில் சிறந்த பின்னணிப் பாடகி அவர்தான். சங்கீதம் படிக்காதவருக்கா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் பக்கம் நின்றவர்களும் பலர். சச்சி அதைப் பார்க்கவில்லை, படம் வந்த சில மாதங்களில் இறந்துவிட்டார். அந்தப் பாட்டின் கீழே ‘இருளர் பாடல்’ என்று மட்டும் இருந்திருந்தால் நஞ்சியம்மாவை யார் தேடியிருப்பார்கள்?

அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவரே தன் குரலில் தன் பெயர், ஊர், யாரிடம் கற்றது, எப்போது பாடுவது என்று சொல்லட்டும். தேதியை நீங்கள் சொல்லுங்கள். தாள் தொலையும், ஃபைல் பெயர் மாறும், ஆனால் குரலுக்குள்ளேயே இருக்கும் பெயர் தொலையாது. இதை யார் யார் கேட்கலாம் என்பதையும் அப்போதே கேளுங்கள்: வீட்டோடு இருக்கட்டுமா, ஊருக்குள் போகலாமா, யூடியூபில் போடலாமா? போடலாம் என்று சொன்னவரே நாளைக்கு எடுத்துவிடு என்றால், எடுத்துவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். அன்றைய வேலை கெடுவதற்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், அது தானமில்லை.

சரி, மைக். முதல் வருஷம் போனே போதும். ஆனால் போன் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தோல் வாத்தியம் பலமாக விழும்போது அது தானே சத்தத்தைக் குறைத்துவிடும், வாத்தியம் ஓய்ந்ததும் சில்வண்டை மேலே தூக்கும். அதைத் தானாகச் செய்யாமல் நிறுத்திவைக்கும் ஆப்களும் உண்டு, தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். கொள்ளும் கொம்பும் பறையும் என்றால் பத்துப் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள், தனிக் குரல் என்றால் ஒரு முழம். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மலைக்காற்று மைக்கில் அடித்தால் எல்லாம் வீண், ஸ்பாஞ்சு உறை போடுங்கள். வேவ் ஃபைலாகப் பதியுங்கள், எம்பி3 வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும். மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று பர்லியாருக்கு வெளியே இருக்கட்டும். மண்சரிவும் மழையும் நமக்குத் தெரியாததா?

நாலாவது பிரதி பாடியவர் வீட்டுக்கு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பேரன் போனில் ஏற்றிக் கொடுங்கள், அல்லது ஒரு மெமரி கார்டில் போட்டு, பட்டன் அழுத்தினால் பாடும் சின்ன ஸ்பீக்கரோடு கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே எழுந்து வராதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். கேட்கும்போதுதான் அவர்களுக்கு விட்டுப்போன அடி நினைவுக்கு வரும், தப்பாகப் பாடிய இடம் தெரியும், அடுத்த பாட்டு தானாக வரும். அப்போது நோட்டை எடுத்து, சொல்லுக்குச் சொல் தமிழ் எழுத்தில் எழுதி, அர்த்தம் கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேரப் பாட்டுக்குப் பல நாள் ஆகும். இருளர் மொழியைப் பற்றிக் கமில் சுவலபிலும், ஆலு குறும்பர் மொழியைப் பற்றி டீட்டர் காப்பும் புத்தகமே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காதில் விழாத பாட்டு எத்தனையோ இன்னும் நம் குடியிருப்புகளில் இருக்கும். கோத்தகிரியில் கீஸ்டோன் நிறுவனம் நடத்தும் சமூக வானொலியில் இந்த மலை மொழிகளிலேயே நிகழ்ச்சி வருகிறது. பாடியவர்கள் சம்மதித்தால் அங்கேயும் கொண்டுபோய்க் கொடுங்கள். எம்.பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தையும் போய்ப் பாருங்கள்.

என்னிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், பிள்ளைகளின் பாட்டிமாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிந்தவை. இந்த ஊர் ஈரத்தில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிடும். பழைய கேசட்டின் மேலேயே சினிமாப் பாட்டை ஏற்றிக்கொள்ளும் வழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது, அப்படியே எத்தனையோ குரல்கள் அழிந்தன. அதற்காகத்தான் நான் எல்லாக் கேசட்டிலும் அந்தப் பிளாஸ்டிக் காதை உடைத்துவைத்தேன். டேப் ரிக்கார்டருக்கு பெல்ட் மாற்றியாகிவிட்டது. அறுபது நிமிஷக் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற அறுபது நிமிஷமும் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். கல்யாணப் பாட்டுக் கேசட்டிலிருந்து ஆரம்பிப்போம். அதில் பாடியவர்களில் ஒருவரின் பேத்தி இப்போது இங்குள்ள பண்ணையில் நாற்று வேலைக்கு வருகிறாள், அவளையும் கூட்டி வாருங்கள். நமக்குப் புரியாத சொற்களைக் குறித்துக்கொண்டு போய் அவள் தன் அம்மாவிடம் கேட்டு வரட்டும். முதல் பிரதி அவளுக்கு.